பிஎச்பி கொண்டு சர்வரில் ஜிப் செய்தல்: பாதியில் ஏன் நிற்கிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒரு சிறிய நூலகம் பழைய இதழ்களை மின்வருடி இணையதளத்தில் வைத்திருக்கிறது. பக்கத்துக்கு ஒரு ஜேபெக் படம். அந்தப் பக்கத்தில் உள்ளதைத் தட்டச்சிட்ட ஓர் உரைக்கோப்பு. சுமார் ஆறாயிரம் பக்கங்கள், மொத்தம் 3 ஜிபி. 'அனைத்தையும் பதிவிறக்கு' என்ற பொத்தானை அழுத்தினால் பிஎச்பி என்ற சர்வர் நிரல்மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், ஜிப் கோப்புகளை உருவாக்கும் ஜிப்ஆர்க்கைவ் வகுப்பைக் கொண்டு முழுக் கோப்புறையையும் சுருக்கி அனுப்ப வேண்டும். மடிக்கணினியில் நூறு கோப்புகளோடு சோதித்தபோது ஓடியது. பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வரில் ஏற்றியதும் ஒரு நிமிடம் சுழன்றுவிட்டு 504 பிழை (உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்பது) காட்டுகிறது. எப்போதாவது ஜிப் வந்து சேர்ந்தாலும் திறக்க மறுக்கிறது. நேர வரம்பையும் நினைவக வரம்பையும் உயர்த்தியும் பலன் இல்லை.

வரம்புகளை உயர்த்திக்கொண்டே போனால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். ஸ்கிரிப்ட்டைக் குறை சொல்லவும் பெரிதாக எதுவும் இல்லை. ஒருவர் உலாவியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் நேரத்தில் 3 ஜிபியைச் சுருக்க முயல்வதுதான் கோளாறு. அந்த வேலை இரவில், யாரும் காத்திருக்காத நேரத்தில் நடந்து முடிந்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்துபவருக்கு ஏற்கெனவே தயாராக இருக்கும் கோப்பைக் கொடுத்தால் போதும்.

முதலில் ஜிப்ஆர்க்கைவ் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஆட்ஃபைல் என்ற செயற்கூறைக் கூப்பிட்டவுடன் அந்தக் கோப்பு சுருக்கப்பட்டுவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஓட்டலில் பரிமாறுபவர் ஆர்டரைக் குறித்துக்கொள்வது போல அது கோப்பின் பாதையை மட்டும் குறித்துக்கொள்கிறது. அடுப்பு பற்றுவது குளோஸ் என்று சொல்லும்போதுதான். ஆறாயிரம் கோப்புகளையும் சேர்க்கும் சுழற்சி கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பிறகு குளோஸ் என்ற ஒரே வரியில் ஸ்கிரிப்ட் நிமிடக் கணக்கில் நிற்கும். சுழற்சிக்குள் 'இத்தனையாவது கோப்பு' என்று அச்சிட்டுப் பார்த்து, சேர்த்தல் முடிந்தும் ஏன் தொங்குகிறது என்று குழம்புவதற்குக் காரணம் இதுவே. பிஎச்பி 8.0 முதல் ரெஜிஸ்டர்புரோகிரஸ்கால்பேக் என்று ஒன்று இருக்கிறது. குளோஸ் நடக்கும்போது எவ்வளவு முடிந்தது என்று சொல்லும், அதைப் பயன்படுத்துங்கள்.

இந்த நடைமுறையால் இன்னும் சில விளைவுகள் உண்டு. சேர்த்ததற்கும் மூடுவதற்கும் இடையில் யாராவது ஒரு மூலக் கோப்பை அழித்துவிட்டால் குளோஸ் முழுவதுமாகத் தோற்றுவிடும். மீதி 5,999 கோப்புகள் நலமாக இருந்தும் பயனில்லை. புதிய ஜிப்பை அது நேரடியாக எழுதுவதும் இல்லை. அதே கோப்புறையில், அதே பெயரோடு சில எழுத்துகளை ஒட்டி ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, எல்லாம் முடிந்த பிறகே பெயரை மாற்றுகிறது. ஆகவே பழைய ஜிப் 3 ஜிபி, புதிய தற்காலிகக் கோப்பு 3 ஜிபி, மூலப் படங்கள் 3 ஜிபி என்று ஒரு கட்டத்தில் 9 ஜிபி இடம் வேண்டும். உங்கள் ஒதுக்கீடு 5 ஜிபி என்றால் சண்டை அங்கேயே முடிந்தது. பாதியில் கொல்லப்பட்ட ஓட்டங்கள் விட்டுச் சென்ற தற்காலிகக் கோப்புகள் உங்கள் கோப்புறையில் இப்போதே கிடக்கலாம். போய்ப் பாருங்கள், காணாமல் போன இடத்தில் பாதி அங்கே இருக்கும்.

நேர வரம்புக்கு வருவோம். மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம் என்ற பிஎச்பி அமைப்பின் இயல்பான அளவு 30 நொடி. லினக்ஸில் அது சிபியு (கணினியின் மையச் செயலி) உழைத்த நேரத்தையே எண்ணுகிறது. வட்டிலிருந்து படிக்கக் காத்திருந்த நேரம் கணக்கில் வராது. அதை நீங்கள் 600 ஆக்கியும் 504 வருவது ஏனென்றால், அந்தப் பிழையைத் தருவது பிஎச்பி அல்ல. முன்னால் நின்று உலாவியோடு பேசும் இணைய சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ், பிஎச்பியிடமிருந்து 60 நொடிக்கு ஒரு பைட்டும் வராவிட்டால் தொடர்பை முறித்துக்கொள்ளும். அதுபோன்ற இன்னொரு மென்பொருளான அப்பாச்சியின் டைம்அவுட்டும் இயல்பாக 60 நொடிதான். உங்கள் ஸ்கிரிப்ட்டோ குளோஸ் முடியும்வரை எதையும் வெளியிடுவதில்லை. வாடகை சர்வரில் அந்த அமைப்புகள் உங்கள் கைக்கு எட்டாதவை.

இதில் கொடுமை என்னவென்றால், 504 வந்த பிறகும் பின்னால் உங்கள் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். உலாவி போய்விட்டதை பிஎச்பி எதையாவது வெளியிட முயலும்போதுதான் உணர்கிறது. பயனர் பொறுமை இழந்து மூன்று முறை பொத்தானை அழுத்தினால், ஒரே 3 ஜிபியை மூன்று ஓட்டங்கள் ஒரே நேரத்தில் அரைத்துக்கொண்டிருக்கும். சர்வர் நிறுவனத்திடமிருந்து 'உங்கள் கணக்கு அதிக வளங்களைப் பயன்படுத்துகிறது' என்று எச்சரிக்கை வருவது இப்படித்தான்.

இன்னொரு கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அந்தப் படங்களைச் சுருக்கவே வேண்டுமா?

ஜிப் வழக்கமாகப் பயன்படுத்தும் டிஃப்ளேட் முறை இரண்டு பழைய உத்திகளின் கூட்டு. லெம்பெல், சிவ் ஆகிய இருவரும் 1977இல் வெளியிட்டது ஒன்று: முன்பே வந்த பைட் தொடர் மீண்டும் வந்தால், அதைத் திரும்ப எழுதாமல் 'இவ்வளவு தூரம் பின்னால் போய் இவ்வளவு நீளம் எடுத்துக்கொள்' என்று குறிப்பது. மற்றது ஹஃப்மன் 1952இல் தந்தது: அடிக்கடி வருவதற்குக் குட்டையான குறியீடு, அரிதாக வருவதற்கு நீளமானது. ஜேபெக் படம் உள்ளே ஏற்கெனவே ஹஃப்மன் முறையால் பிழியப்பட்டதுதான். அதை மறுபடி பிழிந்தால் சொட்டுக்கூட வராது. சிபியு மட்டும் சூடாகும். பிடிஎஃப், எம்பி3, காணொளிகளுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். டாக்எக்ஸ் கோப்பு என்பதே பெயர் மாற்றிய ஒரு ஜிப்.

ஆகவே படங்களுக்கு 'சுருக்காமல் அப்படியே வை' என்று சொல்லுங்கள். செட்கம்ப்ரஷன்நேம் என்ற செயற்கூறில் சிஎம் ஸ்டோர் என்ற மாறிலியைக் கொடுத்தால் போதும், பிஎச்பி 7.0 முதல் உண்டு. டிஃப்ளேட் ஒரு சாதாரண சிபியு கருவில் நொடிக்குச் சில பத்து மெகாபைட் வேகத்தில்தான் போகும். 3 ஜிபிக்கு ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். ஸ்டோர் என்றால் நகலெடுக்கும் நேரமும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் நேரமும் மட்டுமே.

உரைக்கோப்புகளின் கதை நேர்மாறானது. யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்தோ, அதோடு ஒட்டும் கொம்போ புள்ளியோ) மூன்று பைட்டுகள். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. அதாவது தமிழ் உரையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே எண், இன்னொரு பங்கு இரண்டே எண்களில் ஒன்று. டிஃப்ளேட்டுக்கு இது விருந்து. தமிழ் உரை யூடிஎஃப்-8இல் இடத்தை அடைக்கிறது என்று குறைப்படுபவர்கள் ஒருமுறை ஜிஜிப் (டிஃப்ளேட்டால் ஒரே கோப்பைச் சுருக்கும் கருவி) செய்து பார்க்கட்டும்.

ஆனால் ஜிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது. மூன்று நான்கு கிலோபைட் உள்ள ஒரு பக்கத்தின் உரை முடிந்ததும், அதுவரை கற்றதை எல்லாம் மறந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புதிதாகத் தொடங்குகிறது. டார் என்ற பழைய யூனிக்ஸ் முறையில் எல்லாவற்றையும் முதலில் ஒரே தொடராகக் கட்டி, பிறகு ஜிஜிப் செய்தால், பின்னால் பார்க்கும் சாளரம் 32 கிலோபைட். சுமார் பத்தாயிரம் தமிழ்க் குறிகள். முந்தைய பக்கத்தில் வந்த சொற்கள் அடுத்த பக்கத்துக்குக் கைகொடுக்கும். சிறு உரைக்கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது டார்-ஜிஜிப் ஜிப்பை விடக் கண்ணுக்குத் தெரியும் அளவு சிறியதாக வருவது இதனால்தான். பிஎச்பியிலேயே ஃபார்டேட்டா வகுப்பால் இதைச் செய்யலாம். என் யோசனை: படங்களை ஜிப்பில் அப்படியே வையுங்கள், ஆய்வாளர்களுக்கு உரைகளை மட்டும் தனி டார்-ஜிஜிப்பாகக் கொடுங்கள். உரை மட்டும் வேண்டும் என்பவர் எதற்கு 3 ஜிபி இறக்க வேண்டும்?

சுருக்க அளவை 9 என்று வைக்க மனம் துடிக்கும். வேண்டாம். இயல்பான 6க்கும் 9க்கும் அளவில் வித்தியாசம் சொற்பம், நேரத்தில் அதிகம்.

இனி ஸ்கிரிப்ட். அதைக் கட்டளை வரியிலிருந்து, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் மூலம், நள்ளிரவுக்குப் பின் ஓடும்படி வையுங்கள். பெரும்பாலான வாடகை சர்வர்களின் நிர்வாகப் பலகையில் கிரானுக்கு இடம் உண்டு. கட்டளை வரி பிஎச்பிக்கு இயல்பாக நேர வரம்பே கிடையாது. முன்னால் என்ஜின்எக்ஸும் இல்லை. முதல் வேலையாக ஒரு பூட்டுக் கோப்பைத் திறந்து எஃப்லாக் செயற்கூறால் பூட்டுப் போடுங்கள். நேற்றைய ஓட்டம் இன்னும் முடியவில்லை என்றால் இன்றையது பேசாமல் திரும்பிப் போகட்டும்.

அடுத்தது, ஜிப்பைத் திறக்கும் ஓப்பன் செயற்கூறு. இங்கே ஒரு பழைய பொறி இருக்கிறது. ஓப்பன் வெற்றி பெற்றால் 'ட்ரூ' தரும். தோற்றால் 'ஃபால்ஸ்' தராது, ஒரு பிழை எண்ணைத் தரும். கோப்பு இல்லை என்றால் 9, படிக்க முடியவில்லை என்றால் 5. பூஜ்யம் அல்லாத எண் எதையும் பிஎச்பி உண்மையாகவே கொள்ளும் என்பதால், வெறும் 'இஃப்' போட்டுச் சோதித்தால் தோல்வியும் வெற்றியாகத் தெரியும். மூன்று சமக்குறி போட்டு 'ட்ரூ'வோடு ஒப்பிடுங்கள். கிரியேட் (இல்லாவிட்டால் உருவாக்கு), ஓவர்ரைட் (இருந்தால் மேலெழுது) என்ற இரண்டு கொடிகளையும் சேர்த்துக் கொடுங்கள். கிரியேட் மட்டும் கொடுத்தால் பழைய ஜிப்பின் மேலேயே சேர்த்துக்கொண்டு போகும். தளத்திலிருந்து நீங்கள் நீக்கிய பக்கங்கள் ஜிப்பில் ஆவியாக உலவிக்கொண்டிருக்கும்.

கோப்புறைக்குள் கோப்புறையாக இறங்க ரிகர்சிவ்டைரக்டரிஇட்டரேட்டரை, ஸ்கிப்டாட்ஸ் கொடியோடு பயன்படுத்துங்கள். ஆட்ஃபைலுக்கு இரண்டாவது அளவுருவைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஜிப்புக்குள் கோப்பின் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பது அதுதான். கொடுக்காவிட்டால் சர்வரின் வீட்டுக் கோப்புறை, உங்கள் கணக்கின் பெயர், பொதுக் கோப்புறை என்று முழுப் பாதையும் உள்ளே போய்விடும். பதிவிறக்கியவர் ஐந்து வெற்றுக் கோப்புறைகளைத் திறந்து உள்ளே போக வேண்டும். மூலப் பாதையின் நீளத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். உருவாகும் ஜிப்பை, சுருக்கப்படும் அதே கோப்புறைக்குள் வைக்காதீர்கள். நாளைய ஜிப் இன்றையதையும் விழுங்கும். மறுநாள் அது இரண்டையும் விழுங்கும்.

கோப்பின் உள்ளடக்கத்தை நினைவகத்தில் படித்து ஆட்ஃபிரம்ஸ்ட்ரிங் மூலம் சேர்ப்பவர்கள் உண்டு. அந்தச் சரங்கள் எல்லாம் குளோஸ் வரை நினைவகத்திலேயே நிற்கும். இயல்பான 128 எம்பி வரம்பு சில நூறு படங்களிலேயே தீர்ந்துவிடும். ஆட்ஃபைலுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது துண்டு துண்டாகப் படித்து எழுதும்.

நூறு கோப்புக்கு ஒருமுறை மூடித் திறந்தால் நல்லது என்ற அறிவுரையும் உலவுகிறது. ஒவ்வொரு முறை மூடும்போதும் அதுவரை சேர்ந்தது முழுவதும் புதிய தற்காலிகக் கோப்புக்கு நகலெடுக்கப்படும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. ஆறாயிரம் கோப்புக்கு அறுபது முறை; கடைசிச் சுற்றுகளில் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 3 ஜிபி. பிரிக்க வேண்டுமென்றால் ஆண்டுவாரியாகத் தனித்தனி ஜிப்களாகப் பிரியுங்கள். அது வாசகருக்கும் நல்லது. எஃப்ஏடி32 வடிவிலுள்ள பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. பழைய ஜிப் வடிவமும் 4 ஜிபி, 65,535 கோப்புகள் என்ற வரம்புகளுக்கு உட்பட்டது. ஜிப்64 என்ற நீட்டிப்பு அதைத் தாண்டினாலும், பழைய மென்பொருள்கள் அதைத் திறக்கத் திணறும்.

குளோஸ் தரும் விடையைச் சோதியுங்கள். 'ஃபால்ஸ்' வந்தால் கெட்ஸ்டேட்டஸ்ஸ்ட்ரிங் காரணம் சொல்லும். பிறகு அதே ஜிப்பை, உள் ஒழுங்கைச் சோதிக்கும் செக்கான்ஸ் கொடியோடு மறுபடி திறந்து, உள்ளே இருக்கும் கோப்புகளின் எண்ணிக்கையை நீங்கள் சேர்த்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். இவ்வளவும் ஒரு தற்காலிகப் பெயரில் நடக்கட்டும். சரியாக இருந்தால் மட்டும் ரீநேம் மூலம் வெளியே தெரியும் பெயருக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே வட்டில் இருந்தால் அந்த மாற்றம் ஒரே நொடியில் நடக்கும். பாதி எழுதிய ஜிப் யார் கையிலும் சிக்காது.

உங்கள் கோப்புப் பெயர்கள் தமிழில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே நின்று பார்க்க வேண்டியவை சில. ஜிப் வடிவம் பிறந்தபோது யூனிகோட் இல்லை. பெயர் யூடிஎஃப்-8இல் இருக்கிறது என்று சொல்லும் கொடி பின்னாளில் வந்தது. பிஎச்பி 8.0 முதல் ஆட்ஃபைலுக்கு எஃப்எல் என்க் யூடிஎஃப் 8 என்ற கொடியைக் கொடுத்து இதை உறுதி செய்துகொள்ளலாம். விண்டோஸ் 7இன் உள்ளமைந்த ஜிப் கருவி அந்தக் கொடியை மதிக்காமல் தமிழ்ப் பெயர்களைக் குப்பையாகக் காட்டியது. அந்தக் கணினிகள் இன்னும் பல நூலகங்களில் ஓடுகின்றன. அவற்றுக்கு 7-ஜிப் என்ற மென்பொருள் போதும்.

லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக்கூடாது. தமிழுக்கு அது 85 குறிகள், புள்ளியும் கொம்பும் காலும் உட்பட. இதழின் பெயர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு எல்லாவற்றையும் பெயரில் திணித்தால் எளிதில் முட்டும்.

இன்னும் நுட்பமான ஒன்று: 'கோயில்' என்ற பெயர் இரண்டு விதமாகப் பதிவாகலாம். ஓகாரக் குறி ஒரே குறியாக இருந்தால் பெயர் 18 பைட்; ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் 21 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு கோப்புகள். பழைய மேக் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே வைத்தது. மேக்கில் வருடியவர் பாதி, விண்டோஸில் வருடியவர் பாதி ஏற்றியிருந்தால், தரவுத்தளத்தில் இருக்கும் பெயரைக் கொண்டு தேடும்போது 'கோப்பு இல்லை' என்று வரும். நீங்களோ திரையில் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். ஜிப்பில் சேர்க்கும்முன் உட்பெயரை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் நார்மலைசர் வகுப்பின் சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது பொருந்தும்.

திறக்காத ஜிப்பைப் பற்றி. அதை ஓர் உரைத் தொகுப்பியில் திறந்து தொடக்கத்தைப் பாருங்கள். நல்ல ஜிப்பின் முதல் இரண்டு பைட்டுகள் 80, 75; 'பி', 'கே' என்ற ஆங்கில எழுத்துகள். அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்துகள் அவை. அவற்றுக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தால், உங்கள் ஸ்கிரிப்ட்டோ அது சேர்த்துக்கொள்ளும் வேறொரு கோப்போ பிஎச்பி தொடக்க, முடிவு அடையாளங்களுக்கு வெளியே ஒரு வரியை விட்டிருக்கிறது. விநோதமான மூன்று குறிகள் இருந்தால், அது கோப்பின் தலையில் நோட்பேட் போட்ட பிஓஎம் என்ற யூடிஎஃப்-8 அடையாளம். அங்கே ஓர் எச்சரிக்கை வாக்கியமே அச்சாகியிருந்தால் இன்னும் நல்லது. பிழை தன் வாயாலேயே காரணத்தைச் சொல்லிவிட்டது. தொடக்கம் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் வால் அறுந்திருக்கிறது. ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருப்பதால், நுனி போனால் எல்லாம் போனது போலத்தான்.

கொடுக்கும் முறையிலும் எளிய வழி மேல். ரீட்ஃபைல் மூலம் பிஎச்பி வழியாக 3 ஜிபியை ஓட்டாதீர்கள். தயாரான ஜிப்புக்கு நேரடி இணைப்பு கொடுங்கள். சாதாரணக் கோப்பாக இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியைச் சர்வரே தரும். இரண்டு ஜிபியில் இணைப்பு அறுந்த வாசகருக்கு அதன் அருமை தெரியும். பதிவு செய்தவர்களுக்கு மட்டும் தர வேண்டுமென்றால் என்ஜின்எக்ஸில் எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட், அப்பாச்சியில் எக்ஸ்-செண்ட்ஃபைல் என்ற தலைப்புகள் (பதிலோடு பிஎச்பி சர்வருக்குச் சொல்லும் குறிப்புகள்) உண்டு: அனுமதியைப் பிஎச்பி பார்க்கும், கோப்பைச் சர்வர் அனுப்பும். இரண்டுக்கும் சர்வர் அமைப்பில் கை வைக்க வேண்டியிருக்கும்.

வாசகர் தேர்ந்தெடுத்த சில பக்கங்களை மட்டும் அப்போதே கட்டித் தர வேண்டும் என்றால் இரவு வேலை உதவாது. அதற்கு ஜிப்ஸ்ட்ரீம் என்ற நூலகம் இருக்கிறது. வட்டில் எதையும் எழுதாமல், கட்டக் கட்ட அனுப்பிக்கொண்டே போகும். முதல் நொடியிலேயே பைட்டுகள் வெளியேறுவதால் 504 வராது. அங்கும் படங்களுக்கு ஸ்டோர்தான்.

பிஎச்பியிலிருந்து சர்வரின் ஜிப் கட்டளையையே கூப்பிட்டால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். வெளிக் கட்டளைகளை ஓட்டும் எக்ஸெக் செயற்கூறு திறந்திருந்தால் தாராளமாக; பல வாடகை சர்வர்களில் அதை மூடி வைத்திருப்பார்கள். அக்கட்டளையில் படக் கோப்புகளைச் சுருக்காதே என்று பின்னொட்டு வாரியாகச் சொல்லும் வசதி இருக்கிறது. முன்னால் நைஸ் போட்டால் மற்ற வேலைகளுக்கு வழிவிட்டு ஓடும். ஆனால் ஒன்று: லொகேல் (மொழி, எழுத்துமுறை அமைப்பு) யூடிஎஃப்-8 ஆக அமைக்கப்படாத சர்வரில், கட்டளைக்குக் கொடுக்கும் பெயர்களை மேற்கோளிட்டுப் பாதுகாக்கும் எஸ்கேப்ஷெல்ஆர்க் தமிழ் எழுத்துகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். செட்லொகேல் மூலம் முதலில் அதைச் சரி செய்யுங்கள். பாதையிலிருந்து கோப்புப் பெயரைப் பிரிக்கும் பேஸ்நேம் செயற்கூறும் லொகேலைச் சார்ந்ததுதான்.

எந்தக் கோப்புறையைச் சுருக்க வேண்டும் என்பதை முகவரியிலிருந்து அளவுருவாக வாங்குகிறீர்கள் என்று தெரிகிறது. இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டு மேலே ஏறி, தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் அமைப்புக் கோப்பையும் சேர்த்து ஜிப்பாக வாங்கிக்கொள்ள எவராலும் முடியும். ஆண்டு எண்ணை மட்டும் வாங்கி, நீங்கள் எழுதி வைத்த பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். முழுத் தளத்தின் காப்பு நகலை 'பேக்கப்' என்ற பெயரில் பொதுக் கோப்புறையில் வைக்கும் பழக்கமும் வேண்டாம். அந்தப் பெயரைத் தேடி நாள் முழுவதும் தட்டிக்கொண்டிருக்கும் தானியங்கிகளை உங்கள் சர்வர் பதிவேட்டிலேயே பார்க்கலாம்.